கணனியின் வித்திலே ஒரு குரல்



உங்கள் வீட்டில் கணனி ஒன்று இருந்தால் ஒரு சிறிய சோதனையைச் செய்து பாருங்கள். இரு கண்களையும் இறுக மூடிக்கொண்டு அதன் ஆளியை அழுத்துங்கள். உள்ளே விசிறி சுழலும் இரைச்சல் கேட்கும். பிறகு? ஒன்றுமில்லை. திரையிலே எழுத்துக்கள் வரிவரியாக ஓடிக்கொண்டிருக்கலாம். வன்தட்டில் பழுது இருக்கிறது என்ற எச்சரிக்கை வந்து நிற்கலாம். சரிசெய்யட்டுமா, விடட்டுமா என்று கணனி கேள்வி கேட்டுவிட்டு உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கலாம். உங்களுக்கோ எதுவும் தெரியாது. கண்ணைத் திறந்தால் உங்கள் சிரமம் தீர்ந்துவிடும். திறந்தும் தெரியாதவர் என்ன செய்வார்? அடுத்த அறையில் உள்ளவரைக் கூப்பிடுவார். அவர் வரும்வரை காத்திருப்பார்.

“பார்வையற்றோருக்குத்தான் திரையை வாசித்துக் காட்டும் மென்பொருள்கள் இருக்கின்றனவே!” என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். திரை வாசிப்பான் என்று அவற்றைச் சொல்வார்கள். திரையில் தோன்றும் எழுத்தைப் பேச்சாக மாற்றிச் செவிக்குத் தருவது அவற்றின் வேலை. ஆனால் அவையும் மற்றச் செய்நிரல்களைப் போன்ற செய்நிரல்களே. கணனி விழித்தெழுந்து, தன் உறுப்புக்களைச் சரிபார்த்து, கோப்புக்களைத் திறந்து, எல்லாம் ஒழுங்காக நடந்த பின்னர்தான் அவை பேசத் தொடங்கும். இடையிலே ஏதேனும் பிழைத்துவிட்டால் அவை வாய் திறப்பதேயில்லை. தீப்பிடித்தால் கூக்குரலிட வேண்டிய காவலாளி, வீட்டார் எல்லோரும் எழுந்த பிறகு எழும்புவதைப் போன்றது இது. உதவி மிகவும் தேவைப்படும் அந்த நேரத்திலேயே உதவி இல்லாமற் போகிறது.

இந்தக் குறையை நீக்குவதற்குப் பார்வையற்ற சிலர் கையாண்ட வழி வியப்புக்குரியது. கணனியின் மேற்புறத்தில் ஒரு குரலை ஒட்டவைப்பதை விட்டு, அதன் வித்துக்குள்ளேயே குரலை வைத்துவிட்டார்கள். அதனை எப்படிச் செய்தார்கள், விரும்பும் ஒருவர் இன்று எப்படிச் செய்து கொள்ளலாம் என்பதைப் பற்றியே இக்கட்டுரை.

வித்து என்பது எது?

ஒரு கணனியை இயக்குவதற்குப் பணிசெயல் முறைமை ஒன்று வேண்டும் என்பதை நாம் அறிவோம். விண்டோஸ் அவ்வாறான ஒன்று. லினக்ஸ் மற்றொன்று. லினக்ஸின் நடுவிலே இருக்கும் பகுதிக்குக் கர்னல் என்று பெயர். கொட்டையின் உள்ளே இருக்கும் பருப்பை ஆங்கிலத்தில் அப்படித்தான் அழைப்பார்கள். விசைப்பலகை, திரை, வன்தட்டு, நினைவகம் ஆகிய அனைத்துடனும் நேரடியாகப் பேசுவது இந்தக் கர்னல்தான். மற்றச் செய்நிரல்கள் யாவும் இதனிடம் கேட்டே தமது வேலைகளை நடத்துகின்றன. கணனி தொடங்கும்போது பணிசெயல் முறைமையில் முதலில் எழும்புவதும் இதுவே.

1991ஆம் ஆண்டில் பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் இதனை எழுதத் தொடங்கினார். முதல் வெளியீட்டில் ஏறத்தாழ 10,000 வரிகள் இருந்தன. இன்று அது 3 கோடிக்கும் மேற்பட்ட வரிகளாக வளர்ந்துவிட்டது. ஆயினும் அன்றும் இன்றும் மாறாத ஒரு பண்பு அதற்கு உண்டு. அதன் மூல நிரல் எவருக்கும் ஒளிக்கப்படுவதில்லை. யாரும் எடுத்து வாசிக்கலாம், தமது தேவைக்கேற்ப மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்கும் கொடுக்கலாம்.

மூல நிரல் என்பது மனிதன் வாசிக்கக்கூடிய எழுத்து. இயந்திரத்திற்கு அது நேரடியாக விளங்காது. அதனை இயந்திரத்தின் மொழிக்கு மாற்றும் வேலையைத் தொகுத்தல் என்கிறோம். தையற்காரரிடம் சென்று அளவு கொடுத்துச் சட்டை தைப்பதற்கும் கடையில் தொங்கும் சட்டையை வாங்கி அணிவதற்கும் வேறுபாடு உண்டல்லவா? அதைப் போலவே, பிறர் தொகுத்து வைத்த கர்னலை அப்படியே பயன்படுத்தலாம். தனக்கு வேண்டியவற்றைச் சேர்த்து, வேண்டாதவற்றை நீக்கித் தானே தொகுத்தும் கொள்ளலாம். இந்த இரண்டாவது வழியிலேதான் பேசும் கர்னல் பிறந்தது.

தமக்குத் தாமே

லினக்ஸ் பரவத் தொடங்கிய காலத்தில் அதனைப் பயன்படுத்த விரும்பிய பார்வையற்றவர்கள் பட்ட சிரமம் கொஞ்சமல்ல. பலர் இரண்டு கணனிகளை வைத்துக் கொண்டார்கள். ஒன்றிலே பழைய டொஸ் முறைமையும் அதற்குரிய திரை வாசிப்பானும் இருக்கும். மற்றதிலே லினக்ஸ் இருக்கும். இரண்டையும் ஒரு கம்பியால் இணைத்து, லினக்ஸ் சொல்வதை டொஸ் கணனியின் வாயால் கேட்பார்கள்.

1995ஆம் ஆண்டில், இந்தியாவிற் பிறந்து இளவயதிலேயே பார்வையை இழந்த டி. வி. ராமன் என்ற அறிஞர், ஈமாக்ஸ்பீக் என்ற சிறந்த பேசும் மென்பொருளை வெளியிட்டார். ஈமாக்ஸ் என்ற எழுது கருவியின் உள்ளே இருந்து கொண்டே கடிதம் எழுதுவது முதல் செய்நிரல் எழுதுவது வரை அனைத்தையும் குரலின் துணையோடு செய்ய அது வழி திறந்தது. ஆனால் அந்த ஈமாக்ஸ் தொடங்கும் வரைக்கும் மௌனம்தான். கணனி எழும்பும் வேளையில் நடப்பதை அறிய அது உதவாது.

கனடாவின் ஒன்றாரியோ மாகாணத்தைச் சேர்ந்த கேர்க் ரைசர் என்பவர் பார்வையற்ற செய்நிரலாளர். 1998ஆம் ஆண்டளவில் அவர் ஸ்பீக்கப் என்ற திரை வாசிப்பானை எழுதத் தொடங்கினார். அதனைத் தனிச் செய்நிரலாக அவர் அமைக்கவில்லை. கர்னலின் மூல நிரலோடு சேர்ந்து தொகுக்கப்படும் ஒரு பகுதியாகவே அமைத்தார். திரைக்கு எழுத்தை அனுப்புவது கர்னல் என்றால், அந்த எழுத்து திரையை அடையும் இடத்திலேயே காதை வைத்துக் கேட்பது ஸ்பீக்கப். ஆகவே கர்னல் வெளியிடும் முதற் செய்திகள் முதற்கொண்டு, அவற்றை எடுத்துப் பேச்சுக் கருவிக்கு அனுப்ப அதனால் முடிந்தது.

பின்னர் டேவிட் பொரோவ்ஸ்கி, வில்லியம் ஹப்ஸ், கிறிஸ் பிரனன், பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த சாமுவேல் திபோ முதலியோர் அதனை வளர்த்தெடுத்தார்கள். இந்த முயற்சியில் ஈடுபட்டோருள் பார்வையற்றவர்களும் முக்கிய பங்கு வகித்தார்கள் என்பதே இங்கு கவனிக்க வேண்டிய விடயம். நோயாளியே மருந்தையும் கண்டுபிடித்த கதை இது. மூல நிரல் பூட்டி வைக்கப்பட்டிருந்தால் இது நடந்திருக்குமா? ஒரு நிறுவனத்தின் வாசலிலே மனுக் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பதைத் தவிர அவர்களால் வேறொன்றும் செய்திருக்க முடியாது.

பேசும் கர்னலைத் தொகுக்கும் முறை

இனி, இந்த வேலை எப்படி நடைபெறுகிறது என்று பார்ப்போம். கணனியிற் பழக்கமுள்ள பிள்ளைகள் வீட்டில் இருந்தால் இப்பகுதியை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

முதலாவது, கருவிகளைச் சேர்த்துக் கொள்ளல். ஜிசிசி என்ற தொகுப்பி, மேக் என்ற ஏவற் செய்நிரல், பைசன், ஃபிளெக்ஸ் முதலிய துணைக் கருவிகள் வேண்டும். இவை யாவும் இலவசமாகக் கிடைப்பவை. கர்னலின் மூல நிரல், அதற்கென உள்ள இணையத்தளத்திலே சுருக்கப்பட்ட ஒரே கோப்பாகக் கிடைக்கிறது. அதுவே 100 மெகாபைட்டுக்கு மேற்பட்டது. விரித்தபின் பல மடங்காகும். தொகுத்து முடிக்கும் வரை மேலும் இடம் பிடிக்கும். எனவே வன்தட்டில் தாராளமாக இடம் இருக்கவேண்டும்.

இரண்டாவது, தெரிவு செய்தல். இதுவே பொறுமை வேண்டும் கட்டம். கர்னலில் தெரிவு செய்யக்கூடிய அம்சங்கள் 10,000க்கும் அதிகம். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினால் பொழுது விடிந்துவிடும். ஆகையால் அனுபவசாலிகள் ஒரு சுலபமான வழியைக் கையாள்வார்கள். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கர்னலின் தெரிவுப் பட்டியல் பெரும்பாலான லினக்ஸ் வெளியீடுகளில் பூட் என்ற கோப்புறையில் இருக்கும். அதனைப் பிரதி செய்து, ‘டொட் கொன்ஃபிக்’ என்ற பெயரில் மூல நிரலுக்குள் வைத்துவிட்டு, ‘மேக் ஓல்ட்கொன்ஃபிக்’ என்று கட்டளை கொடுப்பார்கள். பழைய தெரிவுகள் அப்படியே இருக்கும். புதிதாக வந்தவற்றை மாத்திரம் கணனி ஒவ்வொரு வரியாகக் கேட்கும். ஒரு கேள்வி, ஒரு பதில் என்று நடப்பதால் செவியால் வேலை செய்வோருக்கு இது மிகவும் வசதியானது.

அடுத்து ‘மேக் மெனுகொன்ஃபிக்’ என்ற கட்டளையைக் கொடுத்தால் தெரிவுகள் பட்டியலாக விரியும். அதிலே ‘டிவைஸ் ட்ரைவர்ஸ்’ என்ற பிரிவுக்குள் ‘அக்செசிபிலிட்டி சப்போர்ட்’ என்ற தலைப்பு உண்டு. அதனைத் திறந்தால் ‘ஸ்பீக்கப் கன்சோல் ஸ்பீச்’ என்ற பகுதி வரும். அங்கே ‘ஸ்பீக்கப் கோர்’ என்ற அடிப்படையைத் தெரிவு செய்து, அதன்கீழ் நமது பேச்சுக் கருவி எதுவோ அதனையும் தெரிவு செய்யவேண்டும். பட்டியலை மேலும் கீழும் உலாவுவது சிரமம் என்று நினைப்பவர்கள், ‘டொட் கொன்ஃபிக்’ கோப்பிலே உரிய வரிகளை நேரடியாகவே எழுதலாம். அதற்கு உதவும் ஒரு சிறு செய்நிரலும் மூல நிரலோடு சேர்ந்தே வருகிறது.

இங்கே ஒரு நுணுக்கம். ஒவ்வொரு தெரிவுக்கும் ‘வை’, ‘எம்’, ‘என்’ என்ற மூன்று எழுத்துக்களில் ஒன்றைப் பதிலாகக் கொடுக்கலாம். ‘என்’ என்றால் வேண்டாம். ‘எம்’ என்றால் தனி மொடியூலாகத் தொகுத்து வன்தட்டில் வைத்திரு, கேட்கும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று பொருள். ‘வை’ என்றால் கர்னலின் உடலோடு பிரிக்காமல் சேர்த்துவிடு என்று பொருள். மொடியூலாக வைத்தால், அதனை ஏற்றும் கட்டத்தை அடைந்த பின்புதான் பேச்சு வரும். தனிப் பேச்சுக் கருவியை வைத்திருப்பவர், தொடக்கத்திலிருந்தே பேச்சு வேண்டுமென்றால் ‘வை’ என்றே தெரிவு செய்யவேண்டும். ஒரு விதையைப் பையில் வைத்துக்கொண்டு போவதற்கும் அதனை மண்ணில் ஊன்றிவிடுவதற்கும் உள்ள வேறுபாடுதான் இது.

மூன்றாவது, தொகுத்தல். ‘மேக்’ என்று ஒரே சொல்லைத் தட்டினால் போதும். ஆயிரக்கணக்கான கோப்புக்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொகுக்கப்படும். பழைய கணனிகளில் இது பல மணித்தியாலங்களை விழுங்கும் வேலை. இன்றைய வேகமான கணனிகளில் மிக விரைவாக முடிந்துவிடும். அதன்பின் ‘மேக் மொடியூல்ஸ் இன்ஸ்டோல்’, ‘மேக் இன்ஸ்டோல்’ ஆகிய இரண்டு கட்டளைகளால் புதிய கர்னல் தனக்குரிய இடத்தில் வைக்கப்படும்.

நான்காவது, கணனி தொடங்கும்போது கர்னலுக்கு ஒரு குறிப்பைக் கொடுத்தல். எந்தப் பேச்சுக் கருவியோடு பேசவேண்டும் என்பதை ‘ஸ்பீக்கப் டொட் சின்த்’ என்ற குறிப்பினால் சொல்லவேண்டும். மென்பொருட் குரல் என்றால் ‘சொஃப்ட்’ என்று எழுதவேண்டும். டெக்டோக் எக்ஸ்பிரஸ் கருவி என்றால் அதற்குரிய சுருக்கப் பெயரை எழுதவேண்டும். கணனியைத் தொடக்கிவைக்கும் கிரப் என்ற செய்நிரலின் அமைப்புக் கோப்பிலே இதனை ஒரு முறை எழுதிவிட்டால் பிறகு நினைவூட்டத் தேவையில்லை.

மிக முக்கியமான எச்சரிக்கை ஒன்று. பழைய கர்னலை ஒருபோதும் அழித்துவிடாதீர்கள். புதியது எழும்பாவிட்டால் பழையதைக் கொண்டு தொடங்க அது வேண்டும். பார்வையுள்ளவருக்கு இது நல்ல பழக்கம். பார்வையற்றவருக்கோ இது உயிர்க்கயிறு. புதிய கர்னல் மௌனமாகிவிட்டால், என்ன பிழைத்தது என்று கேட்பதற்குக் கூட வழியிராது.

“பேசும் கணனி இல்லாமல் பேசும் கர்னலை எப்படித் தொகுப்பது?” என்ற கேள்வி உங்களில் சிலருக்கு எழலாம். நல்ல கேள்வி. மரத்திலிருந்து விதையா, விதையிலிருந்து மரமா என்ற வழக்குத்தான். ஒரு முறை மட்டும் இன்னொருவரின் கண்ணோ, இன்னொரு பேசும் கணனியோ தேவைப்படும். வலையமைப்பின் வழியாக மற்றக் கணனியிலிருந்து கொண்டே வேலையை முடித்து விடுபவர்கள் உண்டு. இந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்காகவே, ஸ்லக்வெயார் என்ற லினக்ஸ் வெளியீட்டினர் 2000களின் முற்பகுதியிலேயே ஸ்பீக்கப் சேர்த்துத் தொகுத்த கர்னலையும் ஆயத்தமாகத் தந்தார்கள். முதற் பேச்சு அதிலிருந்து கிடைத்தால், அடுத்த கர்னலை ஒருவர் தாமே தொகுத்துக் கொள்ளலாமல்லவா?

குரல் எங்கிருந்து வருகிறது?

கர்னல் எழுத்தைத்தான் அறியும். அதற்குத் தொண்டை இல்லை. எழுத்தை ஒலியாக்க ஒரு பேச்சுக் கருவி வேண்டும். ஆரம்பத்தில் இது தனியான ஒரு பெட்டியாகவோ, கணனிக்குள் செருகும் அட்டையாகவோ இருந்தது. டெக்டோக் எக்ஸ்பிரஸ், டபிள்டோக், லைட்டோக், அப்பல்லோ என்பன ஸ்பீக்கப் அறிந்த கருவிகளுட் சில.

இவற்றுள் டெக்டோக்கை டிஜிட்டல் இக்யுப்மென்ட் நிறுவனம் 1984ஆம் ஆண்டில் வெளியிட்டது. அமெரிக்காவின் மசச்சூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த டெனிஸ் கிளாட் என்ற ஆராய்ச்சியாளரின் உழைப்பே அதற்கு அடித்தளம். அதன் பிரதான குரலை அவர் தமது சொந்தக் குரலை முன்மாதிரியாகக் கொண்டு அமைத்தார். விஞ்ஞானி ஸ்டீபன் ஹோக்கிங் நெடுங்காலம் பேசிய இயந்திரக் குரலும் கிளாட்டின் ஆராய்ச்சியிலிருந்து வந்ததே. 1988ஆம் ஆண்டில் கிளாட் மறைந்தார். ஆனால் அவர் குரல், அவரை ஒருபோதும் கண்டிராத எத்தனையோ பேருக்குத் திரையை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தது.

இத்தகைய கருவிகளின் பெரிய நன்மை, அவை கர்னலின் கட்டளைக்கு நேரடியாகவே கீழ்ப்படிபவை என்பதாகும். சீரியல் போர்ட் வழியாக எழுத்தை அனுப்பினால் போதும்; மீதியைப் பெட்டியே பார்த்துக்கொள்ளும். அதனாற்றான் கணனி எழும்பும் செய்திகளைத் தொடக்கத்திலேயே அவற்றின் மூலம் கேட்க முடிந்தது. ஆனால் அவை விலை கூடியவை. காலப்போக்கில் சந்தையில் அரிதாகிவிட்டன. கணனிகளிலும் சீரியல் போர்ட் மறைந்து போயிற்று.

இதற்கு மாற்றாக வந்ததே மென்பொருட் குரல். ஜொனதன் டடிங்டன் என்பவர் ஆக்கிய ஈஸ்பீக் என்ற இலவசப் பேச்சு மென்பொருள் மிகவும் சிறியது. பல மொழிகளைப் பேசுவது. தமிழும் அவற்றுள் ஒன்று. வில்லியம் ஹப்ஸ் 2008ஆம் ஆண்டளவில் எழுதிய ஈஸ்பீக்கப் என்ற சிறு செய்நிரல், கர்னலில் இருக்கும் ஸ்பீக்கப்பையும் வெளியில் இருக்கும் ஈஸ்பீக்கையும் இணைக்கும் பாலமாக நிற்கிறது. ஸ்பீக்கப் எழுத்தைத் தருகிறது. ஈஸ்பீக்கப் அதனை எடுத்துச் செல்கிறது. ஈஸ்பீக் அதனை ஒலியாக்குகிறது. பெட்டிக்குச் செலவில்லை. சாதாரண ஒலிபெருக்கியே போதும்.

ஆயினும் இதிலே ஒரு குறை உண்டென்பதை மறைக்கக்கூடாது. ஈஸ்பீக் கர்னலுக்கு வெளியே ஓடும் செய்நிரல். ஆகவே அது எழும்பும் வரையிலும், ஒலியமைப்புச் சரியாகும் வரையிலும் முதற்சில நொடிகள் மௌனமாகவே கழியும். பழைய பெட்டிகள் தந்த ‘முதல் நொடிப் பேச்சு’ மென்பொருட் குரலில் முழுமையாகக் கிடைப்பதில்லை. சிலர் இன்றும் தமது பழைய பெட்டிகளைப் பத்திரமாக வைத்திருப்பதற்கு இதுவே காரணம்.

விரல் நுனியில் திரை

ஸ்பீக்கப்பைக் கையாள்வது கடினமன்று. விசைப்பலகையின் வலப்புறத்தில் உள்ள எண் விசைகளே அதன் கடிவாளம். மேல் வரிசையில் 8ஐ அழுத்தினால் தற்போதைய வரியைச் சொல்லும். 7 முந்திய வரி, 9 அடுத்த வரி. நடு வரிசை சொற்களுக்குரியது: 5 தற்போதைய சொல், 4 முந்தியது, 6 அடுத்தது. கீழ் வரிசை எழுத்துக்களுக்குரியது: 2 தற்போதைய எழுத்து, 1 முந்தியது, 3 அடுத்தது. பேச்சு போதும் என்றால் அதே பகுதியிலுள்ள என்டர் விசையை அழுத்த, உடனே வாயை மூடிக்கொள்ளும்.

வரி, சொல், எழுத்து என மூன்று படிகளாக அமைந்த இந்த ஒழுங்கைப் பாருங்கள்! ஒரே நாளில் விரல்கள் பழகிவிடும். குரலின் வேகம், சுருதி, உரப்பு ஆகியவை கூடச் சாதாரணக் கோப்புக்களாகவே வைக்கப்பட்டுள்ளன. கோப்பிலே ஓர் எண்ணை எழுதினால் குரல் மாறும். பழகியவர்கள் வேகத்தைக் கூட்டிக் கூட்டி, நமக்கு வெறும் இரைச்சலாகக் கேட்கும் பேச்சையும் தெளிவாக விளங்கிக் கொள்வார்கள்.

வாசலிலே பத்தாண்டுகள்

நெடுங்காலமாக ஸ்பீக்கப், கர்னலின் உத்தியோகபூர்வ மூல நிரலுக்கு வெளியிலேயே இருந்தது. கர்னலின் புதிய வெளியீடு வரும்போதெல்லாம், ஸ்பீக்கப் பகுதியை அதற்கேற்பத் திருத்தி, ஒட்டுப் போட்டுத் தொகுக்க வேண்டியிருந்தது. சட்டை தைத்த பின் பையை வேறாகத் தைத்து ஒட்டுவது போன்ற வேலை அது. ஒட்டுப் பொருந்தாவிட்டால் அந்த வெளியீட்டையே கைவிடவேண்டியதுதான்.

2010ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அது உள்ளே எடுக்கப்பட்டது. 2011 ஜனவரியில் வெளிவந்த 2.6.37 இலக்கக் கர்னலில் அது இடம்பெற்றது. ஆனால் கூடத்துக்குள் அல்ல, ‘ஸ்டேஜிங்’ எனப்படும் திண்ணையிலேதான். இன்னும் பக்குவப்படாத நிரல்களை வைத்துத் திருத்தும் இடம் அது. அங்கிருந்து கூடத்துக்குள் வர ஏறத்தாழ பத்து ஆண்டுகள் பிடித்தன.

கர்னலைப் பராமரிப்போர் காரணமின்றிக் கடுமை காட்டவில்லை என்பதையும் நாம் நியாயமாகச் சொல்லவேண்டும். கர்னலுக்குள் இருக்கும் நிரலில் ஒரு பிழை நேர்ந்தால் அந்தச் செய்நிரல் மாத்திரம் நிற்பதில்லை. முழுக் கணனியுமே விழுந்துவிடக்கூடும். அன்றியும், ஸ்பீக்கப் சீரியல் போர்ட்டைக் கர்னலின் பொது வழியால் அணுகாமல் தானே நேரடியாகப் பிடித்து வைத்திருந்தது. அது ஒழுங்குக்கு மாறானது. 2017ஆம் ஆண்டில் இந்தக் குறை பெருமளவு நீக்கப்பட்டது. அதனால் யுஎஸ்பி மாற்றி ஒன்றின் மூலம் பழைய பேச்சுப் பெட்டிகளைப் புதிய கணனிகளோடு இணைக்கவும் வழி பிறந்தது. ஆங்கில எழுத்துக்களுக்கு அப்பாற்பட்ட யுனிகோட் எழுத்துக்களை மென்பொருட் குரலுக்கு அனுப்பும் வசதியும் அதே ஆண்டிற் சேர்ந்தது. ஈற்றில், 2020 ஒக்டோபரில் வெளிவந்த 5.9 இலக்கக் கர்னலில் ஸ்பீக்கப் தனக்குரிய நிரந்தர இடத்தைப் பெற்றது. அந்த ஆண்டின் இறுதியில் அதிலே பாதுகாப்புக் குறையொன்று கண்டறியப்பட்டுத் திருத்தப்பட்டது. கர்னலுக்குள் வாழ்வதற்கு இத்தகைய விழிப்பு என்றென்றும் வேண்டும்.

இன்றைய நிலை

இன்று டெபியன் போன்ற லினக்ஸ் வெளியீடுகளில் ஸ்பீக்கப் மொடியூலாகவே சேர்ந்து வருகிறது. டெபியனை நிறுவுவதற்கான வட்டைக் கணனியில் இட்டுத் தொடக்கினால், பட்டியல் தயாரானதும் ஒரு ‘பீப்’ ஒலி கேட்கும். உடனே ‘எஸ்’ விசையையும் என்டர் விசையையும் அழுத்தினால், அதன்பிறகு வரும் கேள்விகள் எல்லாம் குரலில் கேட்கும். பார்வையற்ற ஒருவர் எவருடைய துணையுமின்றி, வெறுமையான கணனியொன்றில் முழு முறைமையையும் தாமே நிறுவி முடிக்கலாம். ஆகவே எல்லோரும் கர்னலைத் தொகுக்கவேண்டிய கட்டாயம் இப்போது இல்லை. தமது வெளியீட்டில் ஸ்பீக்கப் இல்லாதவர்களுக்கும், பேச்சுப் பெட்டியோடு முதல் நொடியிலிருந்தே குரல் வேண்டுவோருக்கும், கற்க விரும்புவோருக்கும் அது தேவைப்படுகிறது.

ஸ்பீக்கப் வாசிப்பது எழுத்து மாத்திரம் தோன்றும் கருந்திரையைத்தான். படங்களும் பொத்தான்களும் நிறைந்த திரைக்கு ஓர்கா என்ற வேறொரு திரை வாசிப்பான் உண்டு. விரலால் தடவி வாசிக்க விரும்புவோருக்கு, பிரெயில் எழுத்தைக் காட்டும் கருவிகளை இயக்கும் பிஆர்எல்டிடிவை உண்டு. ஓர்கா ஓடும் வரவேற்பறை சாத்திக்கொண்டாலும், பின்வாசலால் நுழைந்து பழுதைத் திருத்த ஸ்பீக்கப் கைகொடுக்கும்.

தமிழைப் பொறுத்தவரை ஒரு குறை எஞ்சியிருக்கிறது. ஈஸ்பீக் தமிழ் பேசினாலும், கருந்திரையிலே தமிழ் எழுத்துக்கள் சரிவர உருப்பெறுவதில்லை. கொம்பும் விசிறியும் புள்ளியும் சேர்ந்து அமையும் எழுத்துக்களைக் கோக்கும் ஆற்றல் அந்தத் திரைக்குக் கிடையாது. தமிழ்ப் பிள்ளைகளில் எவராவது இதில் கைவைத்தால் அது பெரும் சேவையாகும். கதவு பூட்டப்படவில்லை. மூல நிரல் திறந்தே இருக்கிறது.

நாம் கொள்ள வேண்டிய படிப்பினை

பார்வையற்றவர் ஒருவரைக் கண்டால் நாம் இரக்கப்படுகிறோம். கையைப் பிடித்து வீதியைக் கடக்கச் செய்கிறோம். கடிதம் வந்தால் வாசித்துக் காட்டுகிறோம். அது நல்லதுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் நமது கையை எதிர்பார்த்திருக்கும் நிலையிலேயே அவரை வைத்திருப்பது முழுமையான உதவியாகுமா? அவருடைய கடிதத்தை அவரே வாசிக்கவும், அவருடைய கணனி பழுதானால் அவரே திருத்தவும் வழி செய்வதல்லவா அதனினும் மேலானது? பிறர் வாசித்துக் காட்டும்போது அவருக்கு இரகசியம் என்று ஒன்று இருப்பதில்லை. தானே வாசிக்கும்போதுதான் அந்த மரியாதை திரும்பக் கிடைக்கிறது.

இன்னொன்றும் உண்டு. ஒரு கட்டடத்தைக் கட்டி முடித்த பிறகு சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் போடுவது சிரமம். அத்திவாரம் இடும்போதே நினைத்தால் சுலபம். ஸ்பீக்கப் கற்பிக்கும் பாடமும் அதுதான். குறைபாடுள்ளோருக்கான வசதியைக் கடைசியாக ஒட்டும் அலங்காரமாக எண்ணாமல், வித்திலேயே வைக்கவேண்டும். பாடசாலை கட்டுவோருக்கும், பாடநூல் அச்சிடுவோருக்கும், வீடு கட்டுவோருக்கும் கூட இது பொருந்தும்.

அடுத்த முறை உங்கள் கணனியின் ஆளியை அழுத்தும்போது ஒரு நிமிடம் கண்களை மூடிக் கொள்ளுங்கள். அந்த மௌனத்தைக் கேட்டுப் பாருங்கள். அதனை உடைப்பதற்காகத் தமது வாழ்நாளின் பல ஆண்டுகளைச் செலவிட்ட மனிதர்களை நினைத்துப் பாருங்கள். பிறகு, உங்கள் ஊரிலோ உறவிலோ பார்வையற்ற இளைஞர் ஒருவர் இருந்தால், இந்தச் செய்தியை அவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள். மீதியை அவரே பார்த்துக்கொள்வார்.